பாத்ரூமில் பிறந்த எதிரொலி

மாமல்லபுரம் போனா இந்தத் தடவை ஒரு சின்ன சோதனை பண்ணிப் பாருங்க. வராக மண்டபத்துக்குள்ள நின்னு ஒரு தடவை கை தட்டுங்க. அப்புறம் கடற்கரை மணல்ல நின்னு அதே மாதிரி தட்டுங்க. மண்டபம் சின்ன இடம்தான், ஆனா கருங்கல் சுவர் ஒலியைத் திருப்பிக் கொடுக்கும். மணல்ல தட்டின சத்தம் காத்தோட போயிடும். செங்கல்பட்டுப் பக்கத்துக் காலேஜ்கள்ல திறந்தவெளி மேடையில பாடுறவங்க குரல் ஏன் வறண்டு கேட்குதுன்னு இப்போ புரியுதா?

அந்த வறட்சியைப் போக்கத்தான் மிக்ஸர் பக்கத்துல ஒரு எஃபெக்ட்ஸ் பெட்டியை வைக்கிறோம். ஒரு கல்ச்சுரல்ஸ்ல நாங்களும் வச்சோம். மிக்ஸரோட மெயின் அவுட்டை நேரா அந்தப் பெட்டிக்குள்ள விட்டு, அங்கிருந்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொண்டு போனோம். பாட்டு பிரமாதம். அடுத்து சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடிச்சாரு. ஒவ்வொரு வார்த்தையும் கிணத்துக்குள்ள இருந்து வந்த மாதிரி இருந்துச்சு. கூட்டமே சிரிச்சுது. எதிரொலியைக் குறைச்சோம். அதுக்குள்ள அடுத்த பாட்டு ஆரம்பிச்சு, அதுவும் வறண்டு போச்சு.

நாங்க பண்ணின தப்புக்கான விடையை 1940-களிலேயே தேடிப் பிடித்தவர் ஒருத்தர் இருக்கார். அவர் பெயர் பில் பட்னம்.

1920-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். பள்ளி நாட்களிலேயே ரேடியோ ரிப்பேர் பார்த்தார், மைக் செட்டை வாடகைக்கு விட்டார், வார இறுதியில் நடனக் குழுக்களோடு பாடவும் செய்தார். நம்ம காலேஜ்ல சவுண்ட் டீம்ல ஒரு காலும் மியூசிக் கிளப்ல ஒரு காலும் வச்சிருக்கிற ஆளுங்க இருப்பாங்களே, அந்த ரகம்.

1946-ல் யுனிவர்சல் ரெக்கார்டிங் என்ற ஸ்டுடியோவைத் தொடங்கினார். சீக்கிரமே அது சிகாகோவின் ஓபரா கட்டடத்தில் 42-வது மாடிக்குப் போனது. 1947-ல் ஹார்மோனிகேட்ஸ் என்ற மவுத் ஆர்கன் குழு அவரிடம் பதிவுக்கு வந்தது. பாட்டு ஒரு பெரிய கூடத்தில் வாசித்த மாதிரி கேட்க வேண்டும் என்று நினைத்தார் பட்னம். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் ஸ்டுடியோவின் பாத்ரூம்! அங்கே ஒரு ஸ்பீக்கரையும் ஒரு மைக்கையும் வைத்தார். மவுத் ஆர்கன் ஒலியில் ஒரு பங்கை மட்டும் அந்த ஸ்பீக்கருக்கு அனுப்பினார். சுவர்களில் பட்டுத் திரும்பியதை மைக் பிடித்தது. அதை மறுபடி மிக்ஸருக்குக் கொண்டுவந்து, நேரடி ஒலியோடு வேண்டிய அளவு கலந்தார். அந்தப் பாட்டு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. பாப் பாட்டில் செயற்கை எதிரொலியை ரசனையோடு பயன்படுத்திய முன்னோடி என்று அவரை இன்றும் சொல்கிறார்கள்.

இதுல கவனிக்க வேண்டியது பாத்ரூமை இல்லை, வயர் போன பாதையை. அசல் ஒலி தன் வழியில் நேராகப் போகிறது. அதன் ஒரு நகல் மட்டும் வெளியே போய், எதிரொலியாகி, வேறொரு வழியில் திரும்பி வருகிறது. எந்தக் கருவியின் ஒலியை எவ்வளவு அனுப்புவது என்பது ஒவ்வொரு சேனலுக்கும் தனி முடிவு. பிறகு அவர் வடிவமைத்த 610 கன்சோலில் ஒரு சேனலுக்கு வேண்டிய ப்ரீஆம்ப், ஈக்வலைசர், எக்கோ செண்ட் எல்லாமே ஒரே மாட்யூலில் இருந்தன. பழுதானால் அந்த ஒரு மாட்யூலைக் கழற்றி மாற்றலாம்.

1957-ல், நன்றாக ஓடிக்கொண்டிருந்த சிகாகோ தொழிலை விட்டுவிட்டு ஹாலிவுட்டுக்குப் போய் யுனைடெட் ரெக்கார்டிங்கை ஆரம்பித்தார். பெரிய ரிஸ்க்தான். போன இடத்தில் இன்னொரு ரிஸ்க்கும் எடுத்தார். அப்போது ஸ்டீரியோவை இசைக் கம்பெனிகள் பெரிதாக மதிக்கவில்லை. பட்னமோ, மோனோ பதிவு நடக்கும்போதே தனி கண்ட்ரோல் ரூமில் ஸ்டீரியோவையும் தன் செலவில் பதிந்து சேர்த்து வைத்தார். சில வருஷத்தில் ஸ்டீரியோ சூடுபிடித்ததும், அதே கம்பெனிகள் அந்த டேப்புகளைத் தேடி வந்து காசு கொடுத்து வாங்கிப் போயின. சினாட்ரா, ரே சார்லஸ், பீச் பாய்ஸ் எல்லோரும் அவர் ஸ்டுடியோக்களில் பாடியவர்கள்.

1960-களின் பிற்பகுதியில் அவருடைய 1176 கம்ப்ரஸர் வந்தது. வால்வுக்குப் பதிலாக எஃப்.இ.டி. டிரான்சிஸ்டரை வைத்து ஒலியின் திடீர் எழுச்சியை அடக்குகிற பெட்டி அது. அதிவேக அட்டாக் 20 மைக்ரோசெகண்ட். 1989-ல் பட்னம் மறைந்தார். 1999-ல் அவருடைய மகன்கள் யுனிவர்சல் ஆடியோவை மீண்டும் தொடங்கினார்கள். 2000-ல் டெக்னிக்கல் கிராமி விருது அவர் பெயருக்கு வந்தது. நம்ம லேப்டாப்ல ஓடுற பல கம்ப்ரஸர் ப்ளக்-இன்கள் அந்த 1176-ஐப் பார்த்துச் செஞ்சவைதான்.

இப்போ நம்ம மேடைக்கு வருவோம். வெளிப் பெட்டிகளை மிக்ஸரோட இணைக்க ரெண்டு வழி இருக்கு. ரிவெர்ப், டிலே மாதிரி அசலோட கலக்க வேண்டியதுக்கு ஆக்ஸ் செண்ட். ஆக்ஸ் அவுட்டிலிருந்து பெட்டியின் இன்புட்டுக்கு ஒரு கேபிள், பெட்டியின் அவுட்புட்டிலிருந்து காலியா இருக்கிற ஒரு சேனலுக்கு இன்னொரு கேபிள். பெட்டியில மிக்ஸை 100 சதவீதம் வெட்-ல வைங்க, ஏன்னா அசல் ஒலி ஏற்கெனவே நேரா வந்துடுது. ஆக்ஸ் போஸ்ட்-ஃபேடரா இருக்கணும், அப்போதான் குரலைக் குறைச்சா எதிரொலியும் கூடவே குறையும். ஒண்ணு மறக்காதீங்க: திரும்பி வர்ற சேனல்ல அதே ஆக்ஸ் குமிழ் பூஜ்யத்துல இருக்கணும். இல்லேன்னா எதிரொலி மறுபடி பெட்டிக்குள்ளயே போய், சுத்திச் சுத்தி ஊளையிடும்.

கம்ப்ரஸர் வேற கதை. அதுல முழு ஒலியும் உள்ளே போய் அடங்கி வெளியே வரணும். அதுக்கு இன்சர்ட் ஜாக். பெரும்பாலான சின்ன மிக்ஸர்கள்ல ஒரே ஜாக்கில் டிப் வழியா ஒலி வெளியே போகும், ரிங் வழியா திரும்பி வரும். ஒரு ஒய் கேபிள் போதும்.

அன்னைக்கு நாங்க ரிவெர்ப்பைக் கம்ப்ரஸர் மாதிரி மாட்டிட்டோம், அவ்வளவுதான். நீங்க அடுத்த கல்ச்சுரல்ஸ்ல பாடகர் சேனல்ல ஆக்ஸைத் தேவையான அளவு ஏத்துங்க. சிறப்பு விருந்தினர் மைக்ல அதைப் பூஜ்யத்துலயே விட்டுடுங்க.