தங்கைக்காக எழுந்த ஆஸ்பத்திரி
டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் கதை

1923-ம் ஆண்டு. சென்னையில் ஒரு பெண் டாக்டரின் குடும்பத்தில் கவலை சூழ்ந்திருந்தது.

அந்த டாக்டரின் பெயர் முத்துலட்சுமி. அவருடைய தங்கை சுந்தரம்மாள் நோயில் படுத்திருந்தார்.

முதலில் அதை சீதபேதி என்று நினைத்தார்கள். சீதபேதிக்கு உரிய மருந்தையே கொடுத்தார்கள். நோய் தணியவில்லை. உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. மலக்குடலில் புற்றுநோய்!

தங்கை இறந்து போனார்.

அக்காள் பெயர் பெற்ற டாக்டர். அப்படி இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. அவள் பட்ட வேதனையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர். இந்த நோய்க்கு என்று தனி ஆஸ்பத்திரி ஒன்றைக் கட்டியே தீருவது என்று அன்றே மனதில் முடிவு செய்தார்.

அது கட்டி முடிய 31 ஆண்டுகள் ஆயின.

திரைக்குப் பின்னால் படிப்பு

முத்துலட்சுமி பிறந்தது புதுக்கோட்டையில். 1886-ம் ஆண்டு ஜூலை மாதம் 30-ந் தேதி. தந்தை நாராயணசாமி அய்யர், மன்னர் கல்லூரியின் பிரின்சிபால். தாய் சந்திரம்மாள், தேவதாசிக் குடும்பத்தில் பிறந்தவர். இதைச் சொல்லி ஊரார் ஏசுவது உண்டு. அந்த ஏச்சு மகளின் நெஞ்சில் ஆறாத வடுவாக இருந்தது.

பெண்கள் வயதுக்கு வந்ததும் படிப்பை நிறுத்தி விடுவது அந்தக் கால வழக்கம். முத்துலட்சுமி நிறுத்தவில்லை. வீட்டில் இருந்தே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். 1904-ல் கல்லூரியில் சேர மனுப் போட்டார். ஆண்கள் படிக்கும் கல்லூரியில் ஒரு பெண்ணா என்று பலர் எதிர்த்தார்கள். புதுக்கோட்டை மன்னர் எதிர்ப்பைத் தள்ளிவிட்டு அனுமதி கொடுத்தார்.

வகுப்பில் ஆண்கள் ஒரு பக்கம். நடுவில் திரை. திரைக்கு அந்தப் பக்கம் அவர் ஒருவர் மட்டும்.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். 1912-ல் பதக்கங்களும் பரிசுகளும் வாங்கி டாக்டர் ஆனார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பது மணமகள் போட்ட நிபந்தனை. மணமகன் அதற்குச் சம்மதித்தார். கடைசி வரை சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார்.

லண்டனில் பார்த்தது

தங்கை இறந்த இரண்டாம் ஆண்டு, 1925-ல், மேல்படிப்புக்காக இங்கிலாந்து போனார். லண்டன் புற்றுநோய் ஆஸ்பத்திரியிலும் பயிற்சி பெற்றார். நோயைத் தொடக்கத்தில் கண்டுபிடித்தால் குணமாக்க முடியும் என்பதை அங்கே நேரில் கண்டார். தங்கையின் நினைவு வராமலா இருந்திருக்கும்?

ஊர் திரும்பியதும் வேறு வேலைகள் அவரை இழுத்துக்கொண்டன. சென்னை சட்டசபையில் உறுப்பினர் ஆனார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபைக்குள் நுழைந்த முதல் பெண் அவரே. துணைத்தலைவர் பதவியும் கிடைத்தது. கோவில்களுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். காந்தியடிகள் 1930-ல் கைதானபோது பதவியைத் தூக்கி எறிந்தார். ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லம் கண்டார். பொட்டுக் கட்டுவதை ஒழிக்கும் சட்டம் 1947-ல் நிறைவேறியது.

இத்தனைக்கும் நடுவில் ஆஸ்பத்திரியை அவர் மறக்கவில்லை. 1935-ல் மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் அந்த எண்ணத்தை வெளியிட்டார். அதற்கு அதிக ஆதரவு இல்லை. புற்றுநோய் வந்தால் சாவுதான். அதற்கு எதற்கு ஆஸ்பத்திரி என்பது அன்று பெரிய மனிதர்கள் பலருடைய நினைப்பு.

12 படுக்கைகள்

1949-ல் இந்திய மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 63. மற்றவர்கள் பேரன் பேத்திகளோடு ஓய்வாக இருக்கும் வயது!

1952-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி பிரதமர் நேரு அடையாறில் அடிக்கல் நாட்டினார். 1954-ம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி ஆஸ்பத்திரி திறந்தது. 12 படுக்கைகள்தான்.

வெளிநாட்டில் பயிற்சி பெற்ற அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி பொறுப்பை ஏற்றார். 1955-ல் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். எழும்பூர் அரசு ஆஸ்பத்திரியில் கிடைத்த வேலையை வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தவர் அவர். அடையாறு வளாகத்திலேயே தங்கி, 2021-ல் மறையும் வரை அதற்காகவே வாழ்ந்தார்.

கனடா நாட்டில் இருந்து கோபால்ட் கருவி வந்தது. அதன் கதிர் தோலை அதிகம் சுடாமல், உடம்பின் ஆழத்தில் உள்ள கட்டியைத் தாக்கும். 1960-ல் குழந்தைகளின் புற்றுநோய்க்குத் தனிப் பிரிவு ஏற்பட்டது. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தை பிழைக்காது என்றிருந்த காலம் அது. மருந்துகள் வளர்ந்ததால் இன்று அந்தக் குழந்தைகளில் பலர் பிழைத்து, படித்து, கல்யாணமும் செய்துகொள்கிறார்கள்.

வலிக்காத கட்டி

பெரம்பலூர் மாவட்டத்தில் பச்சைமலை அடிவாரத்தில் அரும்பாவூர் இருக்கிறது. மரச்சிற்பத்துக்குப் பெயர் போன ஊர். அங்கிருந்து அடையாறு 250 கிலோ மீட்டருக்கும் அதிக தூரம். ஆஸ்பத்திரி திறந்த அந்த நாளில், இப்படிப்பட்ட ஊர்களில் மார்பில் கட்டி கண்ட ஒரு பெண் என்ன செய்வாள்? வலிக்கவில்லையே என்று இருப்பாள். வெளியே சொல்லவும் வெட்கம். பற்றுப் போடுவார்கள். வலி வந்த பிறகுதான் பட்டணத்துக்கு வண்டி ஏறுவாள்.

இந்த நோயின் சூழ்ச்சியே அதுதான். தொடக்கத்தில் அது பெரும்பாலும் வலிக்காது. ஆறாத வாய்ப்புண், வாயில் வெள்ளைத் திட்டு, மார்பில் கட்டி, மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தப்போக்கு, மலத்தில் ரத்தம் இவையெல்லாம் டாக்டரிடம் காட்ட வேண்டியவை. காட்டினால் பெரும்பாலும் அது வேறு ஏதாவது சிறிய கோளாறாகவே இருக்கும்.

இன்று தமிழ்நாட்டில் 30 வயது தாண்டிய பெண்களுக்கு மார்பையும் கருப்பை வாயையும் அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகவே சோதிக்கிறார்கள். சில நிமிட வேலை. கருப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் காக்கத் தடுப்பூசியும் வந்துவிட்டது. சிறுமிகளுக்குப் போடுவது சிறந்தது. வாய்ப் புற்றுநோய்க்குப் பெரிய காரணம் புகையிலை. வெற்றிலையோடு சேர்த்து அடக்கிக்கொண்டாலும் அது புகையிலைதான்.

சுந்தரம்மாளுக்கு வந்த மலக்குடல் புற்றுநோயைக் கூட இப்போது குழாய் விட்டுப் பார்த்து, சிறு முளையாக இருக்கும்போதே நீக்கி விடுகிறார்கள். ஆனாலும் மூலம் என்று எண்ணி மாதக் கணக்கில் கைமருந்து சாப்பிடுவோர் இன்றும் இருக்கிறார்கள்.

1956-ல் முத்துலட்சுமி ரெட்டிக்கு பத்மபூஷண் விருது கிடைத்தது. 1968-ம் ஆண்டு ஜூலை 22-ந் தேதி அவர் காலமானார். இன்னும் 8 நாட்கள் இருந்திருந்தால் 82 வயது நிறைந்திருக்கும். அந்தப் பிறந்த நாளைத்தான் தமிழக அரசு 2019-ம் ஆண்டு முதல் மருத்துவமனை தினமாகக் கொண்டாடி வருகிறது.