நொடிகளை எண்ணிய பேராசிரியர்

ஒரு புனலில் தண்ணீரை ஊற்றினால் மளமளவென்று இறங்கிவிடுகிறது. அதே புனலில் சோறு வடித்த கஞ்சியை ஊற்றினால் தயங்கித் தயங்கித்தான் இறங்குகிறது. கஞ்சியில் இருப்பதும் பெரும்பாலும் தண்ணீரே. அதில் கலந்திருக்கும் மாவுச்சத்து மிகச் சொற்பம். அந்தச் சொற்பப் பொருள் அவ்வளவு தண்ணீரையும் தயங்க வைக்கிறதே, எப்படி? அடுக்களையில் அன்றாடம் காணும் இக்காட்சியை நாம் நின்று யோசிப்பதில்லை. இத்தகைய தயக்கத்தை ஜெர்மனியில் ஒரு பேராசிரியர் ஆண்டுக்கணக்கில் யோசித்தார். ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயையும் நொடி காட்டும் கடிகாரத்தையும் துணையாகக் கொண்டு, பேரறிஞர்கள் பலர் மறுத்த ஓர் உண்மைக்காக வாதாடினார். அவரே ஹெர்மான் ஸ்டௌடிங்கர். அவருடைய வாழ்க்கையைச் சற்றே அறிந்துகொள்வோம்.

1881ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள், ரைன் நதிக்கரையிலுள்ள வோர்ம்ஸ் நகரில் அவர் பிறந்தார். தந்தை பிரான்ஸ் ஸ்டௌடிங்கர் தத்துவ அறிஞர். சமுதாயச் சீர்திருத்தத்தில் நாட்டம் கொண்டவர். இளம் ஹெர்மானுக்கோ செடிகொடிகளின் மீதே ஆசை. தாவரவியல் படிக்க விரும்பிய அவரிடம், தாவரங்களைச் சரிவரப் புரிந்துகொள்ள முதலில் வேதியியல் தெரியவேண்டும் எனப் பெரியவர்கள் அறிவுறுத்தினர். அதற்கு இணங்கி வேதியியலைத் தொட்டவர், பிறகு அதை விடவேயில்லை. 1903இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். இரண்டே ஆண்டுகளில், ஸ்ட்ராஸ்பர்க் நகரில் பணியாற்றியபோது, கீட்டீன்கள் என்னும் புதிய சேர்மங்களைக் கண்டறிந்தார். 1907இல் கார்ல்ஸ்ரூ நகரில் பேராசிரியரானார். 1912இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரிலுள்ள புகழ்பெற்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது.

ஆசிரியரின் பெருமை மாணவரால் விளங்கும் அல்லவா? கார்ல்ஸ்ரூவில் அவரிடம் பயின்று, அவருடனேயே சூரிச் சென்ற லியோபோல்ட் ருஷிச்கா 1939இல் நோபல் பரிசு பெற்றார். சூரிச்சில் அவரிடம் பயின்ற தாதேயுஸ் ரைக்ஸ்டைன் 1950இல் அதே சிறப்பை அடைந்தார். ஆசிரியரோ இவ்விருவருக்கும் பின்னரே, தம் முதுமையில்தான் அப்பரிசைப் பெற்றார். ஏன் அத்தனை தாமதம் என்பதுதான் நம் கதை.

முதல் உலகப் போரின்போது அவர் சூரிச்சில் இருந்தார். 1917இல் அமெரிக்கா போரில் இறங்கியதும், எதிரணி நாடுகளின் இயந்திர வலிமையையும் ஜெர்மனியின் வலிமையையும் கணக்கிட்டு ஒப்பிட்டார். தாய்நாடு வெல்ல வழியில்லை, சமாதானமே நல்லது என்று எழுதினார். நச்சுவாயுவை ஆயுதமாக்குவதையும் கண்டித்தார். போர் முடிந்தபின் 1919இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் இதழில் இதுபற்றி அவர் எழுதியபோது, ஜெர்மனியின் வாயுப்போரை முன்னின்று நடத்திய பெரும் விஞ்ஞானி பிரிட்ஸ் ஹாபர், அவர் நாட்டுக்குக் கேடு செய்வதாகச் சினந்தார். ஸ்டௌடிங்கர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

இனி அவருடைய பெரும் பணிக்கு வருவோம். ரப்பர், பஞ்சு, பட்டு, மாவுச்சத்து ஆகியவை எதனால் ஆனவை? சிறு மூலக்கூறுகள் பல, ஏதோ ஒரு பலவீனமான கவர்ச்சியால் கும்பலாகக் கூடி நிற்கின்றன என்பதே அன்று பெரும்பாலோர் கொண்டிருந்த கருத்து. தட்டில் குவித்து வைத்த உதிரி மல்லிகையை நினைத்துக்கொள்வோம். அதுபோன்ற கும்பல் என்றனர் அவர்கள். இல்லை, அவை நாரில் நெருக்கமாகத் தொடுத்த மல்லிகைச் சரம் போன்றவை என்றார் ஸ்டௌடிங்கர். ஆயிரக்கணக்கான சிறு அலகுகள் சாதாரண வேதிப்பிணைப்பினாலேயே ஒன்றோடொன்று உறுதியாக இணைந்து நீண்ட சங்கிலியாகின்றன என்பது அவர் கொள்கை. 1920இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். 1922இல் இத்தகைய மூலக்கூறுக்குப் பெருமூலக்கூறு எனப் பொருள்படும் பெயரையும் சூட்டினார்.

எதிர்ப்பு நாலா பக்கத்திலிருந்தும் எழுந்தது. ஒரு படிகத்தின் மிகச்சிறிய அலகைவிட அதிலுள்ள மூலக்கூறு பெரிதாக இருக்கமுடியாது என்றனர் படிகவியலார். பெரிய மூலக்கூறு என்ற எண்ணத்தை விட்டுவிடும்படியும், ரப்பரை நன்றாகத் தூய்மை செய்தால் அது படிகமாகி, சிறு மூலக்கூறு என்பது தெளிவாகிவிடும் என்றும் நண்பரான ஹைன்ரிக் வீலண்ட் அறிவுரை கூறினார். வீலண்டோ பின்னாளில் நோபல் பரிசு பெற்ற மேதை. 1925இல் சூரிச்சிலும் 1926இல் டியூசல்டார்ப் நகரிலும் அறிஞர் கூட்டங்களில் ஸ்டௌடிங்கர் ஏறக்குறையத் தனியாகவே நின்று வாதாடினார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்து. வேறு துறைகளில் ஏற்கனவே ஈட்டிய நற்பெயர் முழுவதையும் அவர் பணயம் வைத்திருந்தார்.

வெறும் வாதத்தால் உண்மை நிலைக்காது என்பதை அவர் அறிவார். ஆகவே ரப்பரோடு ஹைட்ரஜனைச் சேர்த்துப் பார்த்தார். ரப்பரிலுள்ள இரட்டைப் பிணைப்புகளே சிறு மூலக்கூறுகளைக் கூட்டி வைக்கின்றன என்பது எதிர்த்தரப்பாரின் வாதம். ஹைட்ரஜன் சேர்ந்தால் அவ்விரட்டைப் பிணைப்புகள் மறையும். அவர்கள் சொன்னது மெய்யானால் கும்பல் கலைந்து, எளிதில் ஆவியாகும் சிறு பொருள்கள் கிடைக்கவேண்டும். கும்பல் கலையவில்லை. ஹைட்ரஜன் சேர்ந்த ரப்பரும் பழைய ரப்பரைப் போலவே கரைசலில் கெட்டியாக நின்றது.

அடுத்து, சங்கிலியின் நீளத்தை அளப்பது எப்படி? சுவீடனில் ஸ்வெட்பெர்க் என்பவர் அதிவேகமாகச் சுழலும் கருவியொன்றை அமைத்துப் புரதங்களின் மூலக்கூறு எடையைக் கண்டறிந்துகொண்டிருந்தார். அது விலையுயர்ந்த கருவி. ஸ்டௌடிங்கரிடம் அன்று அது இல்லை. 1926இல் ஜெர்மனியின் பிரைபர்க் பல்கலைக்கழகத்துக்கு வந்துவிட்ட அவர், எளிய வழியொன்றைப் பற்றிக்கொண்டார். மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஒரு திரவம் மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோட்டுக்கு இறங்க எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்பார். பிறகு அதே திரவத்தில் பலபடிப் பொருளைச் சிறிதளவு கரைத்து மீண்டும் பார்ப்பார். சங்கிலி நீள நீளக் கரைசல் மேலும் தயங்கி ஓடியது. 1930ஆம் ஆண்டளவில் இதை ஒரு விதியாகவே வகுத்தார். ஓட்டத்தின் தயக்கத்தைக் கொண்டு மூலக்கூறின் எடையைக் கணக்கிட அவ்விதி வழிகாட்டியது. செல்லுலோஸைப் போன்ற பொருள்களை வேதிமாற்றம் செய்து வேறு சேர்மமாக்கிப் பார்த்தபோதும் சங்கிலியின் நீளம் மாறவில்லை. உதிரிப் பூவானால் கை பட்டதும் கலைந்திருக்கும். இது சரம் என்பது தெளிவாயிற்று.

அவரிடமும் ஒரு குறை இருந்ததை நாம் மறைக்கவேண்டியதில்லை. இச்சங்கிலிகள் விறைத்த குச்சிகளைப் போல நீண்டு கிடக்கின்றன என்று அவர் எண்ணினார். உண்மையில் அவற்றில் பல தளர்ந்து சுருண்ட நூலைப் போன்றவை என்பதை வெர்னர் கூன் முதலிய அறிஞர்கள் காட்டினர். அதனால் அவருடைய விதியையும் பின்வந்தோர் திருத்த நேர்ந்தது. பிறர் தம்மை ஏற்க மறுத்ததை நொந்த அவரே, இத்திருத்தத்தை எளிதில் ஏற்கவில்லை. சரியான ஒன்றில் உறுதியாக நிற்பதற்கும் தவறான ஒன்றில் பிடிவாதம் செய்வதற்கும் இடையிலுள்ள கோடு எத்தனை மெல்லியது! பெரியோர்க்கும் அது சில வேளை கண்ணுக்குத் தெரிவதில்லை.

1928இல் அவர் மக்தா வோய்ட் என்னும் லாட்விய நாட்டுப் பெண்மணியை மணந்தார். மக்தா தாவரவியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். இளமையில் ஸ்டௌடிங்கர் ஆசைப்பட்டு விட்டுவந்த தாவரவியல், மனைவியின் வடிவில் மீண்டும் அவரைத் தேடி வந்தது எனலாம். இல்லத்துணையாக மட்டுமன்றி ஆய்வுத்துணையாகவும் விளங்கிய மக்தா, உயிரினங்களில் பெருமூலக்கூறுகளின் பங்கை ஆராய்ந்தார். கணவருடன் சேர்ந்து கட்டுரைகள் எழுதினார். அவர் மறைந்தபின் அவருடைய ஆய்வுகளைத் தொகுத்து வெளியிடும் பெரும் பொறுப்பையும் ஏற்றார். 1997இல் மக்தா காலமானார்.

நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் பழைய சமாதானக் கட்டுரைகள் குற்றச்சாட்டாக மாறின. 1934இல், பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த தத்துவப் பேராசிரியர் மார்ட்டின் ஹைடெக்கர், அவரைப் பதவியிலிருந்து நீக்கவேண்டும் என எழுதினார். இரகசியப் போலீசார் விசாரித்தனர். ராஜினாமாக் கடிதம் ஒன்றில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு, அது எப்போது செயலாகுமோ என்று மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. இறுதியில் பதவி தப்பியது. பின்னர் வெளிநாட்டுப் பயணம் தடுக்கப்பட்டது. 1944ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் பிரைபர்க் நகரின்மீது குண்டுகள் பொழிந்தபோது அவருடைய ஆய்வுக்கூடமும் பெரும்பாலும் அழிந்தது. அறுபத்து மூன்று வயதில் மறுபடியும் தொடக்கத்திலிருந்து கட்டத் தொடங்கினார். 1951இல் ஓய்வு பெற்றார்.

இதற்குள் உலகம் அவர் பக்கம் திரும்பியிருந்தது. அமெரிக்காவில் வாலஸ் கரோதர்ஸ், சிறு மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகக் கோத்து 1935இல் நைலானை உருவாக்கியது, சங்கிலிக் கொள்கைக்குக் கண்கண்ட சான்றாயிற்று. 1953ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு ஸ்டௌடிங்கர் ஒருவருக்கே வழங்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது எழுபத்திரண்டு. முதல் கட்டுரை வெளிவந்து முப்பத்து மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன. 1965ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் பிரைபர்க் நகரில் அவர் அமைதியாகக் கண்மூடினார். இன்றும் பிளாஸ்டிக் குடிநீர்ப் புட்டிகளுக்கான மூலப்பொருளின் தரத்தை, அதன் கரைசல் குழாயில் எத்தனை நொடியில் ஓடுகிறது என்று பார்த்தே அறிகிறார்கள்.

அன்பு மாணவியரே, நம் பள்ளி ஆய்வுக்கூடத்தை ஒரு கணம் நினைத்துப் பார்ப்போம். நமக்குக் கிடைத்த அளவு பக்கத்து மேசையில் கிடைத்த அளவோடு ஒத்துவராதபோது, நம்முடையதை அழித்துவிட்டு அவர்களுடையதை எழுதிக்கொள்ளும் ஆசை நமக்கு எழுகிறதல்லவா? ஊரே ஒரு விடை சொல்லும்போது தனி விடை சொல்ல அச்சமாகத்தான் இருக்கும். ஸ்டௌடிங்கர் என்ன செய்தார்? பிறர் ஏட்டைப் பார்க்காமல் மறுபடியும் குழாயைப் பார்த்தார். மறுபடியும் நொடிகளை எண்ணினார். நாமும் அவ்வாறே செய்வோம். அளந்ததை அளந்தபடியே எழுதுவோம். ஐயம் எழுந்தால் மீண்டும் அளப்போம். தவறு நம்முடையதாயின் அவரைவிடச் சற்று விரைவாகவே அதை ஒப்புக்கொள்வோம். உண்மை, கஞ்சியைப் போலத் தயங்கித் தயங்கித்தான் வரும். குழாயின் அடியில் பொறுமையோடு காத்திருப்பவர் கைக்கு அது வந்து சேரும்.