காவடிச் சிந்துக் கவிஞர்

கோவில்பட்டிக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் கழுகுமலை என்னும் ஊர் உள்ளது. சுற்றிலும் கரிசல் நிலம். மழை பெய்தால் காலைப் பற்றும்; கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். பருத்தியும் கம்பும் சோளமும் வானத்தை நம்பி விளையும் பூமி இது. இம்மலையைக் குடைந்து அமைத்த கோயிலிலே முருகப் பெருமான் எழுந்தருளியிருக்கின்றான். பங்குனி உத்திரத்தன்று அடியார்கள் தோளிற் காவடி சுமந்து, வெயிலையும் வழியின் நெடுமையையும் பொருட்படுத்தாது இங்கு வருவர். அவர்தம் நடைக்கு ஏற்ற பாட்டினை அருளியவரே சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார்.

கரிவலம்வந்தநல்லூருக்கு அருகிலுள்ள சென்னிகுளம் என்னும் சிற்றூரில் 1865-ஆம் ஆண்டில் உழவர் குடியிலே இவர் தோன்றினார். ஏரும் எருதுமாக வாழ வேண்டிய பிள்ளைக்கு ஏட்டின்மீதே நாட்டம் சென்றது. கல்வி வேட்கை இவரைச் சோழநாட்டுத் திருவாவடுதுறை வரை கொண்டு சேர்த்தது. அங்கே ஆதீனத் தலைவராக விளங்கிய மேலகரம் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவு கிட்டியது. பழந்தமிழ் நூல்களைத் தேடிப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரிடத்தும் இவர் சில காலம் பாடங் கேட்டார். மாணாக்கரைவிட ஆசிரியர் பத்தே வயது மூத்தவர்.

பின்னர் இவர் தென்பாண்டி நாடு திரும்பி, ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் அவைக்களப் புலவரானார். மருதப்பர் தாமும் தமிழறிந்தவர். புலவரைப் போற்றுவதைக் கடமையாகக் கொண்டவர். கரிசற் காட்டுச் சமஸ்தானங்கள் பல அந்நாளில் இவ்வாறே கலைகளைப் புரந்தன. எட்டயபுரம் அரண்மனை முத்துசுவாமி தீட்சிதரின் இசை மரபினரைப் பேணியதும் இத்தகையதே.

ஊற்றுமலை அவையில் இருந்துகொண்டு திரிபந்தாதி, மும்மணிக்கோவை, தலபுராணம் என்று மரபுவழி நூல்களையே பாடிக்கொண்டிருந்தாலும் ரெட்டியாருக்குப் புலவர் என்ற பெயர் நிலைத்திருக்கும். சங்கரன்கோவில் திரிபந்தாதியும் கருவை மும்மணிக்கோவையும் அவர்தம் புலமைக்குச் சான்றாவன. ஆனால் அவற்றைக் கற்றோர் மட்டுமே சுவைக்க இயலும். காவடி எடுப்போரோ பெரும்பாலும் எழுத்தறியாத எளிய மக்கள். அவர்கள் வழிநடையிற் பாடிவந்த மெட்டுகளைப் புலவருலகம் பெரிதாக மதித்ததில்லை. ஜமீன்தார் கழுகுமலைக்குக் காவடி எடுத்துச் சென்றபோது உடன் சென்ற ரெட்டியார், வழிநடைப் பாடலாகக் காவடிச் சிந்தினைப் பாடினார் என்று கூறுவர்.

கற்ற இலக்கணம் முழுவதையும் அவர் இச்சிந்திலே இறக்கினார். எதுகையும் மோனையும் இயைபும் அடிதோறும் துள்ளி விழும். சொற்களை வாய்விட்டுச் சொன்னாலே கால் தானாகத் தாளமிடும். கழுகுமலையின் வளமும் கோயிற் சிறப்பும் ஒருபுறம் வர, முருகனைக் காதலித்து வாடும் தலைவியும் அவள் தோழியும் மற்றொருபுறம் பேசுவர். பழைய அகப்பொருள் மரபு, இவ்வாறு காவடி எடுப்போர் நாவிலும் ஏறிற்று. புலமையை எளியோர்க்கு ஏற்பக் குறைத்துப் பாடினார் என எண்ணுவது பிழை. ஓசையின் கட்டுப்பாட்டில் இது அந்தாதியினும் கடினமானது. எழுதிப் பார்த்தவர்க்கே அவ்வருமை விளங்கும்.

இப்பாடல்கள் ஊரூராகப் பரவின. இசையரங்கிலும் நாட்டிய மேடையிலும் இடம்பெற்றன. கோவில்பட்டிக்குக் கிழக்கே எட்டயபுரத்தில் 1882-இல் பிறந்த பாரதியார், பின்னாளில் நாட்டு விடுதலையைப் பாடுதற்கும் சிந்தினைக் கைக்கொண்டார்.

அப்பரவலைக் கண்டு மகிழ ரெட்டியாருக்கு ஆயுள் இல்லை. 1891-ஆம் ஆண்டில், 26 வயதிலேயே அவர் மறைந்தார். மற்றைப் புலவர்கள் முதல் நூலை அரங்கேற்றும் வயது அது.

தம் பாடல்களில் ஆங்காங்கே தம் பெயரையும் சென்னிகுளத்தின் பெயரையும் அவர் பொதிந்து வைத்துள்ளார். அவர் யாரென்று அறியாத அடியாரும் அப்பாடல்களைப் பாடும்போது, முருகன் பெயரோடு அவ்விரு பெயர்களையும் சேர்த்தே சொல்லிக்கொண்டு கழுகுமலை ஏறுகின்றனர்.