காத்தோங் இரவில் தட்டச்சு செய்த அமைச்சர்: எஸ்.ஏ. ஐயர்

இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்திருக்கும் காத்தோங்கின் மேயர் சாலை, நில மீட்புக்கு முன்னர் கடலோரமாக இருந்தது. ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அங்குள்ள ஒரு பங்களாவில் தங்கியிருந்தார்.

1943 அக்டோபரில் ஓர் இரவு. நள்ளிரவு தாண்டிய பிறகு போஸ் பென்சிலை எடுத்து எழுதத் தொடங்கினார். எழுதி முடித்த ஒவ்வொரு தாளையும் உதவியாளர்கள் அடுத்த அறைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்திருந்தவர் எஸ்.ஏ. ஐயர். தாள் வர வர அவர் தட்டச்சு செய்தார். பொழுது விடியும்போது சுதந்திர இந்தியத் தற்காலிக அரசாங்கத்தின் பிரகடனம் தயாராகிவிட்டது.

அக்டோபர் 21ஆம் தேதி கேத்தே கட்டடத்தில் அது வாசிக்கப்பட்டது. அதில் கையெழுத்திட்ட அமைச்சர்களில் ஐயரும் ஒருவர். அவருக்குத் தரப்பட்ட பொறுப்பு, விளம்பர, பிரசாரத் துறை.

செய்தியாளர் அமைச்சரான கதை

1898ல் பிறந்த சுப்பையர் அப்பாத்துரை ஐயர் தொழிலால் செய்தியாளர். 1940 நவம்பரில் ராய்ட்டர்ஸ் நிறுவனத்தின் சிறப்புச் செய்தியாளராக பேங்காக் சென்றார். அடுத்த ஆண்டு டிசம்பரில் ஜப்பானியப் படைகள் தாய்லாந்துக்குள் நுழைந்தன. பிரிட்டிஷ் செய்தி நிறுவனத்துக்கு எழுதிவந்த அவரால் அதன் பிறகு அங்கிருந்து செய்தி அனுப்ப முடியவில்லை. ராஷ் பிகாரி போஸ் தலைமையிலான இந்திய சுதந்திர லீக்கில் அவர் சேர்ந்தார்.

அன்றைய சிங்கப்பூருக்கு ஜப்பானியர் வைத்த பெயர் சியோனான். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நாளிதழின் இடத்தில் ஜப்பானியரின் செய்தித்தாள் வந்துகொண்டிருந்தது. ஜப்பானிய மொழியைக் கற்கும்படி சுவரொட்டிகள் அழைத்தன. வெளிநாட்டு வானொலியைக் கேட்பது குற்றம். பிரகடனம் வாசிக்கப்பட்ட அதே கேத்தே கட்டடத்தில்தான் ஜப்பானிய ராணுவத்தின் பிரசாரப் பிரிவும் ஒலிபரப்புப் பிரிவும் இயங்கின.

ஐயரின் சிக்கல் இங்கேதான் இருந்தது. தற்காலிக அரசாங்கம் ஜப்பானின் பொம்மை அல்ல என்று உலகுக்குச் சொல்ல வேண்டும். ஆனால், அதைச் சொல்லும் ஒலிபெருக்கி ஜப்பானியரின் கையில் இருந்தது. ஆங்கிலம், இந்துஸ்தானி, தமிழ், மலையாளம் ஆகிய மொழிகளில் இயக்கத்தின் இதழ்கள் வந்தன. தோட்டத் தொழிலாளர்கள் முதல் கடைக்காரர்கள் வரை மலாயாத் தமிழர்கள் பலர் அவற்றின் மூலமும் பொதுக்கூட்டங்களின் மூலமும்தான் இயக்கத்தை அறிந்தார்கள். நகையைக் கொடுத்தவர்களும் உண்டு. மகனையோ மகளையோ படைக்கு அனுப்பியவர்களும் உண்டு.

எதிர்த்தரப்பு வேறு வழியைக் கையாண்டது. இந்திய தேசிய ராணுவம் என்ற ஒன்று இருப்பதே இந்திய மக்களுக்குத் தெரியக்கூடாது என்று பிரிட்டிஷ் அரசு செய்திகளைத் தணிக்கை செய்தது. 1943ல் வங்காளத்தில் பஞ்சம் தலைவிரித்தாடியபோது, ஒரு லட்சம் டன் அரிசி அனுப்பத் தயார் என்று போஸ் வானொலியில் அறிவித்தார். அந்த அரிசி வங்காளம் போய்ச் சேரவே இல்லை.

யாரும் நம்பாத செய்தி

1945 ஆகஸ்ட்டில் ஜப்பான் சரணடைந்தது. 16ஆம் தேதி போஸ் சிங்கப்பூரைவிட்டுப் புறப்பட்டார். ஐயரும் உடன் சென்றார். மறுநாள் சைகோனில், ஜப்பானிய விமானத்தில் போஸுடன் இன்னொருவருக்கு மட்டுமே இடம் கிடைத்தது. கர்னல் ஹபிபுர் ரஹ்மான் ஏறினார். ஐயர் பின்தங்கினார்.

ஆகஸ்ட் 18ஆம் தேதி தைப்பேயில் அந்த விமானம் விபத்துக்குள்ளானது. செய்தி ஐயரை எட்டியபோது அவருக்குள் இருந்த செய்தியாளர் விழித்துக்கொண்டார். சான்று இல்லாமல் இந்தியர்கள் இதை நம்ப மாட்டார்கள், தம்மைத் தைப்பேக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று ஜப்பானிய அதிகாரிகளிடம் கேட்டார். அவர்களோ அவரைத் தோக்கியோவுக்குக் கொண்டுசென்றார்கள். தலைவரின் மரண அறிவிப்பை எழுதி முடிக்க உதவும் வேலை அங்கே அவருக்குக் காத்திருந்தது. ஆகஸ்ட் 23ஆம் தேதி அந்த அறிவிப்பு வெளியானது.

ஐயர் பயந்தபடியே நடந்தது. போர்க்காலம் முழுவதும் இரு தரப்பும் மறைத்தும் மிகைப்படுத்தியும் செய்தி சொல்லிப் பழகியிருந்தன. அதனால், இதையும் இன்னொரு தந்திரம் என்றே பலர் எண்ணினார்கள். செப்டம்பரில் போஸின் அஸ்தியைப் பெற்றுக்கொண்டவர்களில் ஐயரும் ஒருவர். தோக்கியோவின் ரென்கோஜி ஆலயத்தில் அது வைக்கப்பட்டது. சந்தேகம் மட்டும் அடங்கவில்லை.

சாட்சியாக வாழ்ந்தவர்

1945 நவம்பரில் டெல்லி செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் மூவர்மீது வழக்கு தொடங்கியது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் புலாபாய் தேசாய். அவர் அழைத்த முக்கியச் சாட்சிகளில் ஒருவர் ஐயர். தற்காலிக அரசாங்கம் எப்படி இயங்கியது என்பதை அவர் நீதிமன்றத்தில் விளக்கினார். அரிசி அனுப்பும் அறிவிப்பைப் பற்றியும் கூறினார். தணிக்கையால் பல ஆண்டுகள் மறைக்கப்பட்டவை இப்போது நாடெங்கும் நாளிதழ்களில் வந்தன. 1946 ஜனவரி 3ஆம் தேதி மூவரும் விடுதலையானார்கள்.

சுதந்திரத்துக்குப் பின் பம்பாய் மாநில அரசின் விளம்பரத் துறையில் ஐயர் பணியாற்றினார். 1951ல் தம் அனுபவங்களை ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். நேதாஜிக்குச் சாட்சியாகத் தம்மைக் குறிக்கும் தலைப்பையே அதற்குச் சூட்டினார். காத்தோங் இரவைப் பற்றி நாம் அறிவது அந்த நூலால்தான். 1980ல் அவர் காலமானார்.

எஸ்பிளனேட் பூங்காவில் இந்திய தேசிய ராணுவ நினைவிடம் இருந்த இடத்தை 1995 முதல் ஒரு நினைவுச் சின்னம் அடையாளம் காட்டுகிறது. நேதாஜியின் பெயரோடு அங்கே நினைக்கத்தக்க தமிழர்களில் ஐயரும் ஒருவர். ஓர் அரசாங்கத்தின் பிறப்பையும் அதன் தலைவரின் மறைவையும் அறிவித்த வாசகங்கள், இரண்டுமே அவர் கை வழியாக உலகுக்குப் போனவை.