பலகையில் அழிந்த படிகள்

கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் ஒரு சிறிய ஓட்டு வீடு. அதன் திண்ணையில் ஓர் இளைஞர் மடியில் கற்பலகையை வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார். பலபத்தால் விரைவாகக் கணக்கு எழுதுவார். பலகை நிறைந்ததும் முழங்கையாலேயே அதை அழித்துவிட்டு அடுத்த படிக்குச் செல்வார். இறுதியில் கிடைத்த விடையை மட்டும் ஒரு குறிப்பேட்டில் பதிவு செய்துகொள்வார். அந்த இளைஞர்தாம் பின்னாளில் உலகமே வியந்த கணித மேதை சீனிவாச இராமானுஜன்.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார். தந்தை சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கராகப் பணியாற்றினார். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பக்திப் பாடல்கள் பாடி வந்தார். எளிய குடும்பம், வருவாய் குறைவு. கும்பகோணம் நகர உயர்நிலைப்பள்ளியில் பயின்ற காலத்திலேயே இராமானுஜன் கணிதத்தில் பரிசுகள் பெற்றார்.

ஏறத்தாழ பதினைந்து வயதில் கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூல் ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. அந்நூலில் ஏறத்தாழ ஐயாயிரம் கணித முடிவுகள் வரிசையாகத் தரப்பட்டிருந்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு முழுமையான நிறுவல் இல்லை. இராமானுஜன் ஒவ்வொரு முடிவையும் தாமே ஆராய்ந்து பார்த்தார். அதன் தொடர்ச்சியாகப் புதிய முடிவுகளையும் கண்டறிந்தார். அவற்றை அந்நூலைப் போலவே விடையை மட்டும் எழுதிவைக்கும் முறையில் தம் குறிப்பேடுகளில் பதிந்தார். காகிதத்தின் விலை அவருக்கு எட்டாததாக இருந்ததும் இப்பழக்கத்திற்கு ஒரு காரணமாயிற்று. வழிமுறைகள் பலகையிலேயே அழிந்தன. விடைகள் மட்டும் ஏட்டில் நின்றன.

கணிதத்தில் கொண்ட பேரார்வம் அவருக்குத் துன்பத்தையும் தேடித் தந்தது. 1904ஆம் ஆண்டு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். பிற பாடங்களில் கவனம் செலுத்தாததால் அந்த உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். எஃப்.ஏ. தேர்வில் கணிதத்தில் சிறந்து விளங்கிய அவர், ஏனைய பாடங்களில் தோல்வியுற்றார். பட்டம் இல்லை; வேலையும் இல்லை. 1909ஆம் ஆண்டு ஜானகி அம்மாளுடன் திருமணம் நடைபெற்றபின், குறிப்பேடுகளைச் சுமந்துகொண்டு வேலை தேடி அலைந்தார்.

1911ஆம் ஆண்டு இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை வெளியானது. அது பெர்னூலி எண்கள் பற்றியது. இவ்வெண்களைக் கண்டறிய ஒரே வகையான கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். முன்பு கிடைத்த எண்களைக் கொண்டே அடுத்த எண்ணைப் பெற வேண்டும். இடையிலுள்ள சில எண்களைத் தாண்டிச் சென்று வேலையைக் குறைக்கும் வழிகளை இராமானுஜன் அக்கட்டுரையில் காட்டினார்.

இதே எண்களைப் பற்றி 1843ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ஒரு பெண்மணி எழுதியிருந்தார். அவர் பெயர் ஏடா லவ்லேஸ். சார்லஸ் பாபேஜ் திட்டமிட்ட கணிப்பொறி, பெர்னூலி எண்களை எவ்வாறு கணக்கிடலாம் என்பதை ஒவ்வொரு படியாக ஓர் அட்டவணையில் அவர் விளக்கினார். திரும்பச் செய்ய வேண்டிய படிகளையும் குறித்தார். அந்தப் பொறி கட்டி முடிக்கப்படவே இல்லை. எனினும், படிகள் எழுதப்பட்டிருந்ததால் அவற்றை இன்றும் எவரும் பின்பற்றிப் பார்க்க முடிகிறது. உலகின் முதல் கணினி நிரல் அதுவே எனப் பலர் போற்றுகின்றனர்.

அதே 1911ஆம் ஆண்டில் இராமானுஜன் அக்கழகத்தின் இதழில் வாசகர்களுக்கு ஒரு புதிர்க் கணக்கை முன்வைத்தார். வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக முடிவின்றி நீளும் ஒரு கோவையின் மதிப்பு என்ன என்பதே அவ்வினா. மாதங்கள் பல கடந்தும் விடை வரவில்லை. இறுதியில் அவரே விடையளித்தார். விடை 3.

அதன் அடிப்படை மிக எளியது. ஓர் எண்ணின் முன்னெண்ணையும் பின்னெண்ணையும் பெருக்கி 1ஐக் கூட்டினால் அவ்வெண்ணின் வர்க்கம் கிடைக்கும். 2ஐயும் 4ஐயும் பெருக்கி 1ஐக் கூட்டினால் 9. அதன் வர்க்கமூலம் 3. இங்கே வந்த 4ஐயும் இதே முறையில் எழுதலாம்: 3ஐயும் 5ஐயும் பெருக்கி 1ஐக் கூட்டினால் 16, அதன் வர்க்கமூலம் 4. அடுத்து 5ஐயும் அவ்வாறே எழுதலாம். செய்யும் செயல் ஒன்றே. அது தனக்குள் தானே மீண்டும் மீண்டும் அடுக்கப்படுகிறது.

1912ஆம் ஆண்டு மார்ச் மாதம் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் இராமானுஜனுக்கு எழுத்தர் வேலை கிடைத்தது. அக்காலத்தில் தஞ்சை, திருச்சி வட்டாரங்களைச் சேர்ந்த தமிழர் பலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினர். அவர்களுள் பலர் கெடாவின் இரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்றுகொண்டிருந்தனர். இராமானுஜனும் பிழைப்புக்கு ஒரு வழி தேடிய அக்காலத் தமிழருள் ஒருவர்தாம்.

1913ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணித அறிஞர் ஹார்டிக்கு இராமானுஜன் ஒரு கடிதம் எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட கணித முடிவுகள் அதில் இருந்தன. ஹார்டியும் அவருடைய நண்பர் லிட்டில்வுட்டும் அவற்றைப் பலமுறை ஆராய்ந்தனர். சில முன்பே அறியப்பட்டவை. சில முற்றிலும் புதியவை. பகா எண்களைப் பற்றிய சில கூற்றுகள் தவறானவை. எது சரி, எது பிழை என்று கண்டறிவது அவர்களுக்கு எளிதாக இல்லை. ஏனெனில், விடைக்கு வந்த வழி கடிதத்தில் இல்லை. எனினும், எழுதியவர் பேராற்றல் வாய்ந்தவர் என்பதில் ஹார்டிக்கு ஐயம் எழவில்லை.

1914ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் இராமானுஜன் சென்னையிலிருந்து கப்பலேறினார். கேம்பிரிட்ஜில் ஹார்டி அவருக்கு நிறுவலின் தேவையை எடுத்துரைத்தார். அவருடைய உள்ளுணர்வைச் சிதைத்துவிடாமல், ஒரு முடிவு ஏன் உண்மை என்பதைப் பிறரும் சரிபார்க்கும்படி எழுதக் கற்பிப்பதே ஹார்டியின் நோக்கம். இராமானுஜனும் அதைக் கற்றுக்கொண்டார். இருவரும் இணைந்து பல கட்டுரைகள் வெளியிட்டனர்.

அவற்றுள் புகழ்பெற்றது எண்களின் பிரிவினை பற்றிய ஆய்வு. 4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். எண் பெரிதாகப் பெரிதாகப் பிரிவினைகளின் எண்ணிக்கை மிக விரைவாக உயரும். 100க்கு அது 19 கோடியைத் தாண்டுகிறது. மக்மஹோன் என்னும் அறிஞர் 1 முதல் 200 வரையிலான எண்களுக்கு இந்த எண்ணிக்கையைக் கையால் கணக்கிட்டார். முந்திய விடைகளைக் கூட்டியும் கழித்தும் அடுத்த விடையைப் பெறும் அதே முறையை அவர் சலிக்காமல் திரும்பத் திரும்பச் செய்தார்.

அந்தப் பட்டியலை இராமானுஜன் உற்று நோக்கினார். 4, 9, 14, 19 என 4 அல்லது 9 என்னும் இலக்கத்தில் முடியும் எண்களுக்குரிய விடைகள் 5, 30, 135, 490 என அமைந்திருந்தன. அவை யாவும் 5ஆல் மீதமின்றி வகுபடுவதைக் கண்டார். இம்முறை அவர் கண்டதோடு நிற்கவில்லை. அது எப்போதும் உண்மை என்று நிறுவியும் காட்டினார். மேலும் 1918ஆம் ஆண்டு ஹார்டியும் அவரும், முந்திய விடைகளின் துணையின்றி நேரடியாக விடையை நெருங்கும் ஒரு வாய்பாட்டை வெளியிட்டனர். 200க்குரிய விடை பதின்மூன்று இலக்கங்கள் கொண்டது. வாய்பாடு தந்த மதிப்பு, மக்மஹோனின் உழைப்பில் கிடைத்த விடையோடு பொருந்தியது.

அதே ஆண்டில் இராமானுஜன் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். டிரினிட்டி கல்லூரியும் அவரைத் தன் ஆய்வு உறுப்பினராக ஏற்றது. ஆனால், குளிரும், போர்க்கால உணவுத் தட்டுப்பாடும், தனிமையும் அவர் உடலை நலிவுறச் செய்திருந்தன. 1919ஆம் ஆண்டு நோயுடன் தாயகம் திரும்பினார். படுக்கையிலும் கணக்கை விடவில்லை. 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், தமது 32ஆம் வயதில் மறைந்தார்.

அவர் விட்டுச் சென்ற குறிப்பேடுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் இருந்தன. அவற்றுக்கு வழி காண அறிஞர்கள் பல்லாண்டு உழைத்தனர். அமெரிக்கக் கணித அறிஞர் புரூஸ் பெர்ன்ட் அம்முடிவுகளை ஆராய்ந்து, 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். ஒருவர் முழங்கையால் நொடியில் அழித்ததை மீட்க இன்னொருவருக்குப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன. 1985ஆம் ஆண்டு இராமானுஜனின் ஒரு தொடரைப் பயன்படுத்திக் கணினியில் பையின் மதிப்பு 1 கோடியே 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் வரை கணக்கிடப்பட்டது. அந்தத் தொடருக்கு முழுமையான நிறுவல் அதன் பின்னரே வந்தது.

இன்றைய மாணவர் பலகையைத் தேட வேண்டியதில்லை. புள்ளியியலுக்கென நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கிய ஆர் என்னும் கணினி மொழி இலவசமாகவே கிடைக்கிறது. அம்மொழியில் ஒரு வேலையின் படிகளை எழுதி அதற்கு ஒரு பெயர் சூட்டலாம். அதற்குச் செயற்கூறு என்று பெயர். அச்செயற்கூற்றை ஒரு பட்டியலில் உள்ள எல்லா எண்களுக்கும் பயன்படுத்தும் கருவிகளும் அம்மொழியிலேயே உண்டு.

அக்கருவிகளின் வேலையைப் புக்கிட் செலம்பாவ் வட்டாரத்தில் பால்மரம் வெட்டியோரின் பிள்ளைகள் எளிதில் புரிந்துகொள்வர். அதிகாலையில் தொழிலாளி தம் நிரைக்குச் சென்று, ஒவ்வொரு மரத்திலும் பட்டையை மெல்லச் சீவி, மங்கைச் சரியாக வைக்கிறார். செயல் ஒன்று, மரங்கள் பல. ஒரு மரத்தின் வேலை இன்னொரு மரத்தைச் சார்ந்ததன்று. ஆர் மொழியின் மேப் என்னும் கருவி செய்வதும் இதுவே. பின்னர் அவர் மங்குகளில் உள்ள பாலை ஒவ்வொன்றாக வாளியில் ஊற்றுகிறார். வாளியில் ஏற்கெனவே உள்ள பாலோடு புதிய பால் சேர்கிறது. முந்திய விடையோடு அடுத்ததைச் சேர்த்துக்கொண்டே சென்று ஒரே விடையைத் தரும் கருவிக்கு ரெட்யூஸ் என்று பெயர்.

இராமானுஜனின் 1911ஆம் ஆண்டுப் புதிரையும் இவ்வாறு செய்து பார்க்கலாம். பட்டியலில் உள்ள எண்ணை, உள்ளிருந்து வரும் விடையால் பெருக்கி, 1ஐக் கூட்டி, வர்க்கமூலம் காண்பதே செயற்கூறு. முதலில் உள்ளிருக்கும் விடையை 1 எனக் கொள்ள வேண்டும். ரெட்யூஸ், பட்டியலின் கடைசி எண்ணில் தொடங்கி முன்னோக்கி வர வேண்டும். பட்டியலில் 2 மட்டும் இருந்தால் விடை 1.73. 3ஐயும் சேர்த்தால் 2.24. 4ஐயும் சேர்த்தால் 2.56. 5ஐயும் சேர்த்தால் 2.76. பட்டியல் நீள நீள விடை 3ஐ நெருங்கும்.

கணினி இதை நொடியில் செய்துவிடும். ஆயினும், 2, 4 ஆகிய எண்களுக்கிடையே 3 ஒளிந்திருப்பதைக் கண்டது ஒரு மனிதரின் சிந்தனையே. அச்சிந்தனை எவ்வழியில் சென்றது என்பதையும் எழுதிவைத்தால்தான் அடுத்து வருவோர் அதைச் சரிபார்க்கவும் வளர்க்கவும் முடியும். காகிதம் வாங்க வழியில்லாத இராமானுஜனின் பலகையில் அழிந்த படிகள் மீண்டும் வரப்போவதில்லை. இன்றைய மாணவர் எழுதும் படிகளை அழிக்க வேண்டிய வறுமை அவருக்கு இல்லை.