மோரிஸின் அச்சு இயந்திரத்தில் ஒரு தமிழரின் புத்தகம்: யார் இந்த ஆனந்த குமாரசுவாமி?

ஆம்பூர், ராணிப்பேட்டையில் தயாராகும் ஷூக்கள் ஐரோப்பியக் கடைகளுக்குப் போகின்றன. ஷூவில் பிராண்டின் பெயர் இருக்கும். தைத்தவர் பெயர் இருக்காது. 'அதிலென்ன?' என்கிறீர்களா?

டிசைன் போடுபவர் ஒருவர், செய்பவர் இன்னொருவர் எனப் பிரிந்ததுதான் கோளாறு என்று 19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வில்லியம் மோரிஸ் போன்றவர்கள் வாதிட்டார்கள். அதுதான் 'ஆர்ட்ஸ் அண்ட் கிராப்ட்ஸ்' இயக்கம். அதில் ஓர் இலங்கைத் தமிழருக்கும் இடம் உண்டு.

கல் தேடப் போனவர்

ஆனந்த குமாரசுவாமி 1877-ல் கொழும்பில் பிறந்தார். தந்தை சர் முத்து குமாரசுவாமி. தாய் எலிசபெத் ஆங்கிலேயர். இரண்டு வயதிலேயே தந்தையை இழந்து, இங்கிலாந்தில் வளர்ந்தார். லண்டனில் நிலவியலும் தாவரவியலும் படித்துவிட்டு, 1903-ல் இலங்கையில் கனிம ஆய்வு வேலைக்குப் போனார். தோரியனைட் என்ற கனிமத்தைக் கண்டறிந்தார்.

ஊர் ஊராகக் கல் தேடியவர் கண்ணில் பட்டது வேறு. கண்டிப் பகுதியின் தச்சர், கொல்லர், நெசவாளர் தொழில் இறக்குமதிப் பொருட்களால் நசிந்துகொண்டிருந்தது.

வீடாக மாறிய தேவாலயம்

இங்கிலாந்தில் கட்டடக் கலைஞர் சி.ஆர்.ஆஷ்பீ, 1902-ல் தன் கைவினைப் பட்டறையை லண்டனிலிருந்து சிப்பிங் கேம்டன் என்ற சிற்றூருக்கு மாற்றியிருந்தார். குமாரசுவாமியின் மனைவி எத்தலின் சகோதரர் அங்கே நகை செய்துகொண்டிருந்தார். பக்கத்து கிராமமான பிராட் கேம்டனில் ஒரு பாழடைந்த தேவாலயம். 12-ம் நூற்றாண்டுக் கட்டடம். அதைத் தம்பதிக்காக வீடாக மாற்றித் தந்தார் ஆஷ்பீ. பழைய கல் சுவர்களை இடிக்காமல், அவற்றோடு சேர்த்தே புதுப் பகுதியைக் கட்டினார்.

1907-ல் குமாரசுவாமி அங்கு குடியேறினார். மோரிஸ் பயன்படுத்திய கையச்சு இயந்திரமும் அங்கே வந்தது. அதில் 15 மாத உழைப்பில், வெறும் 425 பிரதிகளாக, கண்டிக் கைவினைஞர்கள் பற்றிய 'மத்திய காலச் சிங்களக் கலை' 1908-ல் அச்சாகி முடிந்தது.

கனவு என்ன ஆனது?

அதே 1908-ல் ஆஷ்பீயின் பட்டறை மூடப்பட்டது. மலிவான இயந்திரப் பொருட்களோடு போட்டி போட முடியவில்லை. நல்ல கைவேலையை வாங்க வசதியானவர்களால்தான் முடிந்தது.

குமாரசுவாமி 1917-ல் அமெரிக்காவின் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் சேர்ந்தார். 1918-ல் வெளியான 'சிவ நடனம்' கட்டுரைத் தொகுப்பு, நடராஜர் சிலையை மேற்குலகம் பார்க்கும் விதத்தையே மாற்றியது. 1947-ல் மறைந்தார்.

அப்படியே ஏற்கலாமா?

ஒரு சிக்கல் இருக்கிறது. பரம்பரைத் தொழிலையும் சாதி அமைப்பையும் அவர் கைத்திறனின் காவலாகப் பார்த்தார். தோல் தொழில் செய்பவர்களுக்கோ அதே சாதி, தீண்டாமையைத்தான் தந்தது. அப்பாவின் வேலையைப் பிள்ளையும் செய்தாக வேண்டும் என்பதில் அவர்களுக்கு என்ன பெருமை?

ஆனால், செய்பவருக்கும் யோசிக்கும் உரிமை வேண்டும் என்ற அவரது வாதம் இன்றும் செல்லும். தோலின் குணம் கைக்குத் தெரிந்த ஒருவர், டிசைன் மேஜையிலும் உட்கார முடிகிறதா என்பதுதான் ஆம்பூரிலும் கேட்க வேண்டிய கேள்வி.