துணி மூட்டையுடன் கடைத்தெருவுக்குப் போன கலீபா

இஸ்லாமிய சரித்திரத்தில் முதல் கலீபாவாக அமர்ந்த ஹஜ்ரத் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் ஜவுளி வியாபாரி என்பதை நம்மில் பலர் ஓதியிருக்கிறோம். ஆனால் அதை நினைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. குறைஷிக் குலத்தில் பனூ தைம் என்னும் சிறிய கிளையில் பிறந்தவர்கள். இயற்பெயர் அப்துல்லாஹ். தகப்பனார் பெயர் அபூகுஹாஃபா. நாயகம் (ஸல்) அவர்களைவிட இரண்டு வயது போல இளையவர்கள். மக்காவில் துணி வாங்கி விற்று, நல்ல நாணயஸ்தர் என்று பெயர் எடுத்து, இஸ்லாத்தைத் தழுவிய காலத்தில் நாற்பதினாயிரம் திர்ஹம் கையிருப்பு உள்ளவர்களாக இருந்தார்கள் என்று ரிவாயத்து சொல்கிறது. ஹிஜ்ரத் புறப்பட்டபோது அதில் மிஞ்சியிருந்தது ஐயாயிரந்தான். நடுவிலே போன முதல் எங்கே போயிற்று என்று கேட்டால், பிலால் (ரலி) அவர்களைப் போல அடிமைத்தளையில் கிடந்து வதைபட்டவர்களை விலை கொடுத்து மீட்டதிலும், மார்க்கத்தின் பிற செலவுகளிலும் போயிற்று.

இவ்வளவு கொடுத்தவர்கள் சுபாவத்தில் மிகவும் இளகிய மனம் படைத்தவர்கள். திருக்குர்ஆனை ஓதினால் கண்ணீர் வந்துவிடும். நாயகம் (ஸல்) அவர்கள் கடைசி நோயில் படுத்திருந்த சமயம், தொழுகை நடத்தும்படி அபூபக்கருக்குச் சொல்லச் சொன்னபோது, மகளாகிய ஆயிஷா நாயகி (ரலி) அவர்களே அதைத் தடுக்கப் பார்த்தார்கள். தம் தகப்பனார் மென்மையானவர், அந்த இடத்தில் நின்றால் அழுதுவிடுவார், பின்னால் நிற்பவர்களுக்கு ஓதுவது கேட்காது என்பது அவர்கள் சொன்ன காரணம். நாயகம் (ஸல்) அவர்கள் அதை ஏற்கவில்லை. திரும்பத் திரும்ப அதே உத்தரவைத்தான் கொடுத்தார்கள்.

இந்த மென்மையான மனிதர் பயமே அறியாதவர் என்று நாம் நினைத்துவிடக்கூடாது. கி.பி. 622-ல் தௌர் குகையில் மூன்று இரவு தங்கியிருந்தபோது, தேடி வந்தவர்களின் காலடி குகை வாசலில் தெரிந்தது. குனிந்து பார்த்தால் இருவரும் அகப்பட்டுவிடுவார்கள். அப்போது சித்தீக் (ரலி) அவர்கள் கலங்கினார்கள். தமக்காக அல்ல, பக்கத்தில் இருந்தவர்களுக்காகக் கலங்கினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் கவலைப்பட வேண்டாம் என்று தேற்றி, அல்லாஹ் உடன் இருப்பதை நினைவூட்டினார்கள். அந்தச் சம்பவத்தைத் திருக்குர்ஆனின் தௌபா சூராவில் அல்லாஹுத்தஆலா எடுத்துச் சொல்லியிருக்கிறான். இது பத்து வருஷம் கழித்து, அந்தத் துணை இல்லாமல் தனியாக நின்ற வேளையில் எப்படி உதவிற்று என்பதைத்தான் நாம் இங்கே சொல்லப் போகிறோம்.

ஹிஜ்ரி 11, ரபீஉல் அவ்வல் மாதம், அதாவது கி.பி. 632-ஆம் ஆண்டு ஜூன் மாதம், நாயகம் (ஸல்) அவர்கள் வபாத்தானார்கள். சித்தீக் (ரலி) அவர்கள் அன்று ஊரின் ஓரத்தில் ஸுன்ஹ் என்ற இடத்தில் இருந்த தம் வீட்டுக்குப் போயிருந்தார்கள். செய்தி எட்டி வந்து பார்த்தால் பள்ளிவாசலில் ஒரே குழப்பம். உமர் (ரலி) அவர்களே, நாயகம் மௌத்தாகவில்லை என்று சொல்லி நிற்கிறார்கள். சித்தீக் (ரலி) அவர்கள் நேரே உள்ளே போய், முகத்தின் மேலிருந்த போர்வையை நீக்கி, முத்தமிட்டு அழுதுவிட்டு, வெளியே வந்து ஜனங்களுக்கு உண்மையைச் சொன்னார்கள். முஹம்மது (ஸல்) அவர்களும் முன் வந்த தூதர்களைப் போல ஒரு தூதரே என்ற கருத்துள்ள ஆயத்தை அவர்கள் ஓதியபோது, அதை அன்றுதான் புதிதாகக் கேட்பது போல் எல்லாருக்கும் இருந்ததாம். உமர் (ரலி) அவர்களுக்குக் கால் தாங்கவில்லை. அழுதால் ஓதுவது கேட்காது என்று யாரைப் பற்றிச் சொல்லப்பட்டதோ, அவருடைய குரல்தான் அன்று எல்லாருக்கும் கேட்டது.

அன்றைக்கே பனூ ஸாஇதா கூடத்தில் அன்சாரிகள் கூடினார்கள். அங்கே நடந்த வாதங்களை விரித்தால் இந்த இதழ் முழுதும் போதாது. சித்தீக் (ரலி) அவர்கள் உமர் (ரலி), அபூஉபைதா (ரலி) என்ற இருவரையும் காட்டி, இவர்களில் ஒருவருக்கு பைஅத் செய்யுங்கள் என்றார்கள். உமர் (ரலி) அவர்களோ அவர்களுடைய கையையே பிடித்து முதலில் பைஅத் செய்துவிட்டார்கள். தாம் அந்தப் பதவியை ரகசியமாகவோ பகிரங்கமாகவோ ஒருபோதும் விரும்பியதில்லை, சமூகத்தில் பித்னா உண்டாகிவிடும் என்று அஞ்சியே ஏற்றதாகப் பின்னால் சித்தீக் (ரலி) அவர்கள் சொன்னதாக வந்திருக்கிறது. மறுநாள் மிம்பரில் செய்த பிரசங்கத்திலும், தாம் அவர்களில் சிறந்தவர் அல்லர் என்றும், நேராக நடந்தால் துணை நிற்கவும், தவறினால் திருத்தவும் வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்கள்.

மக்காவில் இருந்த கண் தெரியாத முதியவரான அபூகுஹாஃபாவுக்குச் செய்தி போயிற்று. மகன் கலீபாவானான் என்று கேட்டு அவர் துள்ளிக் குதிக்கவில்லை. பனூ அப்து மனாபும் பனூ மக்ஸூமும் இதற்குச் சம்மதித்தார்களா என்றுதான் கேட்டார். சிறிய கிளையில் பிறந்த தம் மகனுக்குப் பெரிய குலத்தார் கட்டுப்படுவார்கள் என்று அவரால் நம்ப முடியவில்லை. சம்மதித்தார்கள் என்று சொன்ன பிறகு, அல்லாஹ் கொடுப்பதைத் தடுப்பவர் எவருமில்லை என்று ஒப்புக்கொண்டார்.

பைஅத் முடிந்த மறுநாள் காலையில் கலீபா என்ன செய்தார்கள்? துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் புறப்பட்டார்கள்! வழியில் உமர் (ரலி) அவர்கள் கண்டு, இது என்ன, முஸ்லிம்களின் காரியத்தை ஒப்புக்கொண்டு கடைத்தெருவுக்கா போகிறீர்கள் என்று கேட்க, பிள்ளைகுட்டிகளுக்கு எங்கிருந்து சோறு போடுவது என்று இவர்கள் கேட்டார்கள். கடை வைத்திருக்கும் நமக்கு இந்தக் கேள்வி நன்றாக விளங்கும். நாலு நாள் கடையைச் சாத்தினால் வாடிக்கைக்காரன் அடுத்த கடைக்குப் போய்விடுவான். பதவியின் கௌரவத்தைக் கண்டு மயங்காமல், வீட்டு அரிசிப் பானையை முதலில் நினைத்த கலீபா அவர்கள். முடிவில் அபூஉபைதா (ரலி) அவர்களிடம் போய், முஹாஜிர்களில் நடுத்தரமான ஒருவருக்கு ஆகும் சாப்பாடும், குளிருக்கும் கோடைக்கும் உடையும் கொடுப்பதென்று முடிவாயிற்று. உடை கிழிந்தால் பழையதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கவேண்டும். ஆறு மாத காலம் ஸுன்ஹிலிருந்தே வந்துபோய் வியாபாரமும் பார்த்து, இரண்டும் ஒத்துவராது என்று கண்ட பிறகே அதை விட்டார்கள் என்று வேறொரு ரிவாயத்தும் உண்டு.

அந்தத் தெருவில் ஒரு சிறுமி கவலைப்பட்டாளாம். அக்கம்பக்கத்து வீடுகளின் ஆடுகளுக்கு அவர்கள்தான் பால் கறந்து கொடுப்பது வழக்கம். கலீபாவாகிவிட்டார்களே, இனி நமக்குக் கறந்து கொடுக்க மாட்டார்களே என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. கட்டாயம் கறந்து தருவேன், ஏற்றுக்கொண்ட காரியம் என் பழைய குணத்தை மாற்றாது என்று நம்புகிறேன் என்ற கருத்தில் பதில் சொல்லி, அப்படியே செய்தும் வந்தார்கள்.

இனி அச்சமூட்டும் பாகத்துக்கு வருவோம். நாயகம் (ஸல்) அவர்கள் வபாத்தான செய்தி பரவியதும் அரபு நாட்டின் கோத்திரங்களில் பல திரும்பிவிட்டன. யமாமாவில் முஸைலமா, அஸத் கோத்திரத்தில் துலைஹா என்று பொய் நபிகள் கிளம்பிவிட்டார்கள். வேறு சிலர், தொழுகிறோம், ஜகாத் மட்டும் தரமாட்டோம் என்றார்கள். இந்த நேரத்தில், நாயகம் (ஸல்) அவர்கள் சிரியாவின் எல்லைக்கு அனுப்புவதற்காகத் திரட்டிய சேனை மதீனாவுக்கு வெளியே ஜுருஃப் என்ற இடத்தில் காத்திருந்தது. அதன் தளபதி உஸாமா (ரலி) அவர்களுக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. அவருடைய தகப்பனார், விடுதலை செய்யப்பட்ட அடிமையாயிருந்த ஸைத் (ரலி) அவர்கள், கி.பி. 629-ல் மூத்தா சண்டையில் ஷஹீதானவர்.

சேனையை இப்போது அனுப்பவேண்டாம், ஊரைக் காக்க ஆளில்லை என்று பெரியவர்கள் சொன்னார்கள். புத்தியுள்ள பேச்சுத்தான். நாமும் அங்கே இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்போம். ஆனால் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டிய கொடியைத் தாம் அவிழ்ப்பதில்லை என்று சித்தீக் (ரலி) அவர்கள் நின்றுவிட்டார்கள். தளபதியையாவது மாற்றுங்கள் என்று அன்சாரிகளின் தூதாக வந்த உமர் (ரலி) அவர்களின் தாடியையே பிடித்துவிட்டார்களாம், அந்த மென்மையான மனிதர்! வழியனுப்பப் போனபோது உஸாமா (ரலி) குதிரைமேல், கலீபா தரையில் நடை. இறங்கவோ ஏறவோ இருவரும் சம்மதிக்கவில்லை. உமர் (ரலி) அவர்களைத் தம் துணைக்கு ஊரில் விட்டுப்போக முடியுமா என்று அந்த இளைஞரிடம் கலீபா அனுமதி கேட்டுத்தான் பெற்றார்கள்.

தவக்குல் என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று எண்ணுகிறவர்கள் அடுத்து நடந்ததைக் கவனிக்கவேண்டும். சேனை போன கையோடு, மதீனாவின் கணவாய்களில் அலீ (ரலி), ஸுபைர் (ரலி), தல்ஹா (ரலி) போன்றவர்களைக் காவல் நிறுத்தினார்கள். மற்றவர்கள் பள்ளிவாசலில் தயாராக இருக்கவேண்டும் என்று உத்தரவு. எண்ணியபடியே சில நாளில், ஊரில் ஆள் குறைவு என்று நோட்டம் பார்த்துப் போன கோத்திரத்தார் இரவில் தாக்கினார்கள். ஊதிய தோல்பைகளைச் சரிவில் உருட்டிவிட, முஸ்லிம்களின் ஒட்டகங்கள் மிரண்டு மதீனாவுக்கே ஓடிவந்துவிட்டன. பகைவர் ஜெயித்துவிட்டோம் என்று படுத்தார்கள். கலீபாவோ அந்த இரவிலேயே ஆட்களை மறுபடி அணிவகுத்து, தாமே முன்னின்று நடந்து, விடியுமுன் அவர்கள்மேல் பாய்ந்து விரட்டிவிட்டார்கள். உஸாமா (ரலி) அவர்களின் சேனையும் சில வாரங்களில் நலமாகத் திரும்பியது. அனுப்பியதே நன்மையாயிற்று, இவ்வளவு பெரிய சேனையை வெளியே அனுப்புகிறார்களென்றால் உள்ளே எவ்வளவு பலம் இருக்குமோ என்று வழியிலிருந்த கோத்திரத்தார் அடங்கியிருந்தார்கள்.

ஜகாத் விஷயத்தில் உமர் (ரலி) அவர்கள் கூட, கலிமா சொன்னவர்களோடு எப்படிப் போரிடுவது என்று தயங்கினார்கள். தொழுகையையும் ஜகாத்தையும் பிரிப்பவர்களோடு போரிட்டே தீருவேன், நாயகத்துக்குக் கொடுத்துவந்த ஒட்டகக் கயிற்றைத் தர மறுத்தாலும் விடமாட்டேன் என்பது கலீபாவின் முடிவு. ஜகாத் ஏழையின் பங்கு. அதைச் செல்வனின் இஷ்டத்துக்கு விட்டால் பிறகு என்ன மிஞ்சும்? அல்லாஹ் அபூபக்கரின் நெஞ்சை இதற்காகத் திறந்துவிட்டான், அதுவே சரி என்று பின்னர் உமர் (ரலி) அவர்கள் அறிந்துகொண்டார்கள். துல்கஸ்ஸா என்ற இடத்தில் பதினொரு கொடிகள் கட்டப்பட்டு, பதினொரு பக்கம் சேனைகள் புறப்பட்டன. ஏறக்குறைய ஒரு வருஷத்துக்குள் அரபு நாடு அமைதியாயிற்று. இராக், சிரியா பக்கம் சேனைகள் சென்றது அதற்குப் பின். சிரியாவுக்குப் போனவர்களிடம், பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் தொடக்கூடாது, பழ மரங்களை வெட்டக்கூடாது, மடங்களில் ஒதுங்கியிருக்கும் துறவிகளைத் துன்புறுத்தக்கூடாது என்று கலீபா கட்டளையிட்டதை ஹதீஸ் கிதாபுகளில் காணலாம்.

யமாமா சண்டையில் வெற்றி கிடைத்தது. ஆனால் திருக்குர்ஆனை மனனம் செய்த ஸஹாபாக்கள் பலர் அங்கே ஷஹீதானார்கள். இப்படியே போனால் என்னவாகும் என்று அஞ்சிய உமர் (ரலி) அவர்கள், குர்ஆனை ஒன்றாகத் தொகுத்து எழுதவேண்டும் என்றார்கள். கோத்திரங்கள் எல்லாம் எதிர்த்தபோது அசையாத கலீபா, இதற்குத் தயங்கினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் செய்யாத ஒன்றை நான் எப்படிச் செய்வது என்று அச்சம். உமர் (ரலி) விடாமல் சொல்லச் சொல்ல மனம் தெளிந்தது. பிறகு வஹீ எழுதிவந்த வாலிபர் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை அழைத்தார்கள். அவரும் அதே கேள்வியைக் கேட்டு அதே பயத்தைப் பட்டார். ஒரு மலையை இடம் மாற்றச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு பாரமாக இராது என்பது அவர் நினைப்பு. இருந்தும் ஏற்றார். பேரீச்ச மட்டைகளிலிருந்தும், மெல்லிய கற்களிலிருந்தும், மனிதர்களின் நெஞ்சங்களிலிருந்தும் தேடித் தேடித் தொகுத்தார். அந்த ஏடுகள் கலீபாவிடம் இருந்து, பின் உமர் (ரலி) அவர்களிடமும், அவர்கள் மகள் ஹஃப்ஸா நாயகி (ரலி) அவர்களிடமும் இருந்தன. உஸ்மான் (ரலி) அவர்கள் காலத்தில் பிரதிகள் எடுக்கப்பட்டது அவற்றிலிருந்துதான். இன்று நம் பிள்ளைகள் மதரஸாவில் மடியில் வைத்து ஓதும் முஸ்ஹபுக்கு, பயந்துகொண்டே பாரத்தை ஏற்ற இந்த மூன்று பேரும் காரணஸ்தர்கள்.

ஹிஜ்ரி 13, ஜமாதுல் ஆகிர் மாதம், கி.பி. 634-ல் கலீபா நோயில் விழுந்தார்கள். கிலாபத் மொத்தமே இரண்டு வருஷமும் மூன்று மாதமும் சில நாட்களும். படுக்கையிலிருந்து ஆயிஷா நாயகி (ரலி) அவர்களை அழைத்துக் கணக்குப் பார்த்தார்கள். பதவியேற்ற பின் வீட்டில் கூடியது என்ன? ஓர் அடிமை, தண்ணீர் இறைக்கும் ஓர் ஒட்டகம், நைந்துபோன ஒரு போர்வை. இவற்றைத் தமக்குப் பின் வருபவரிடம் ஒப்படைக்கவும், பைத்துல்மாலிலிருந்து சாப்பிட்ட தொகைக்குத் தம் நிலத்தை விற்றுக் கட்டவும் சொன்னார்கள். கபனுக்குப் புதுத் துணி வேண்டாம், உடுத்தியிருந்ததையே துவைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள், உயிரோடிருப்பவருக்குத்தான் புதியது தேவை என்றும் சொல்லிவிட்டார்கள். ஆயுளெல்லாம் ஜவுளி விற்றவர்கள்! அறுபத்து மூன்றாம் வயதில் வபாத்தாகி, நாயகம் (ஸல்) அவர்களின் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்கள். ஒட்டகமும் அடிமையும் போர்வையும் வந்து சேர்ந்தபோது, உமர் (ரலி) அவர்கள் அழுது, பின்னால் வருபவர்களை அபூபக்கர் கடுமையான சிரமத்தில் விட்டுப்போனார் என்றார்கள்.

மக்காவில் அபூகுஹாஃபா அப்போதும் உயிரோடிருந்தார். மகனின் சொத்தில் ஆறில் ஒரு பங்கு வாரிசு முறைப்படி அவருக்குச் சேரவேண்டும். அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. பேரப்பிள்ளைகளுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பின் ஆறு மாதமும் சில நாட்களுமே அவர் இருந்தார்.